ஓடுறதை ஏன் தொடணும்?

‘நல்லாத்தானே ஓடிட்டிருக்கு, அதை ஏன் தொடணும்?’

மென்பொருள் அலுவலகங்களில் பன்னிரண்டு வருடமாக நான் கேட்டுவரும் வாக்கியம் இது. சொல்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு முதுமொழியை உதிர்த்த நிதானத்தோடு சொல்வார். சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அனுபவஸ்தர், ஆழம் தெரிந்து பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் துளி மரியாதையும் கிடையாது. நிதானம் மாதிரி வேஷம் கட்டிய கைகழுவல் அது. நான் இன்று செய்ய வேண்டிய வேலையை, இந்த நாற்காலியைவிட்டு நான் போன பிறகு வந்து உட்காரப்போகிறவர் தலையில் கட்டுகிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அப்படித் தலையில் கட்டப்பட்டவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். ஃப்ரேம்வொர்க் அப்கிரேட் என்ற, கேட்டாலே கொட்டாவி வருகிற விஷயத்தைப் பற்றி. ‘ஐடிக்காரன் புலம்பலை இலக்கியப் பத்திரிகையில் ஏன் படிக்கணும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடைசியில் பதில் இருக்கிறது. அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

ஃப்ரேம்வொர்க் என்றால் என்ன? ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடை, சமையற்கட்டு, பந்திக் கூடம், மைக் செட், ஜெனரேட்டர் எல்லாம் மண்டபக்காரருடையது. பெண் மாப்பிள்ளை, சமையல்காரர், நாதஸ்வரம், கோபித்துக்கொள்ளும் சித்தப்பா ஆகியோர் நம் ஏற்பாடு. இணையச் செயலியிலும் அப்படித்தான். பயனர் உள்ளே நுழைவது, தரவுத்தளத்தோடு பேசுவது, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று அனுப்பிவைப்பது, இதெல்லாம் எல்லாருக்கும் பொதுவான தேவை. ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுத மாட்டார்கள். ஸ்பிரிங் பூட், ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல், ஆங்குலர் என்று மண்டபங்கள் இருக்கின்றன. ஒன்றைப் பிடித்து உள்ளே நம் கல்யாணத்தை நடத்துகிறோம்.

புது வெர்ஷன் வந்துவிட்டது என்றால் மண்டபக்காரர் சமையற்கட்டை இடம் மாற்றிவிட்டார், ப்ளக் பாயிண்ட் எல்லாம் வேறு அளவு, பின்வாசலுக்குப் புதுப் பூட்டு. காரணமில்லாமல் செய்யவில்லை. பழைய பூட்டின் சாவி ஊரெல்லாம் திரிகிறது. ஆனால் நம்முடையது ஒருநாள் கல்யாணமில்லை. பத்து வருடமாக ராத்திரி பகலாக நடக்கிறது. பந்தியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே சமையற்கட்டை மாற்ற வேண்டும். ஒரு இலைக்குக்கூட சாம்பார் வராமல் போகக் கூடாது. அப்கிரேட் என்ற சின்னச் சொல்லுக்குள் இருக்கும் வேலை இதுதான்.

*

நான் கை வைத்துச் செய்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஜாவாவில் இணையச் செயலி எழுதுகிறவர்கள் பரவலாகப் புழங்குவது ஸ்பிரிங் பூட். 2022 நவம்பரில் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. அதற்குக் குறைந்தபட்சம் ஜாவா 17 வேண்டும். 2014இல் வந்த ஜாவா 8இலேயே குடியிருந்த புராஜெக்ட்டுகள் ஏராளம். அவர்களுக்கு இதுவே முதல் இடி. இரண்டாவது இடி ஒரு பெயர்.

இணையம் சார்ந்த ஜாவா நிரல்களின் மேற்பகுதியில் ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கும் வரிகள் பல்லாண்டுகளாக இருந்துவந்தன. 2017இல் ஆரக்கிள், பெருநிறுவனச் செயலிகளுக்கான ஜாவாப் பகுதியை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. நிரலைக் கொடுத்தது, பெயரைக் கொடுக்கவில்லை. வணிகக்குறி எங்களுடையது, ‘ஜாவாக்ஸ்’ என்ற பெயரை வைத்துக்கொண்டு உள்ளே எதையும் திருத்தக் கூடாது என்ற இடத்தில் போய் நின்றது பேச்சுவார்த்தை. 2019 மே மாதம், உடன்பாடு எட்டவில்லை என்று எக்லிப்ஸ் தரப்பு சொல்லிவிட்டது. 2020 முடியும்போது அந்தப் பகுதிகள் ‘ஜகார்த்தா’ என்ற புதுப் பெயருக்குக் குடிபெயர்ந்தன. ஸ்பிரிங் பூட் 3 அந்தப் புதுப் பெயரின் மேல்தான் நிற்கிறது.

பயனருக்கு இதனால் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதே வேலையைச் செய்யும் அதே வரியில் பெயர் மட்டும் வேறு. உலகம் முழுக்க எத்தனையோ கோப்புகளைத் திறந்து அதை மாற்றியாக வேண்டும். ‘தேடி மாற்று என்று ஒரு பட்டன் தட்டினால் முடிஞ்சுது, இதுக்கென்ன அலம்பல்?’ என்பார்கள். முடியாது. தரவுத்தள இணைப்புக்கான ஒரு பகுதி, மறையாக்கத்துக்கான ஒரு பகுதி என்று சில ‘ஜாவாக்ஸ்’கள் ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கின்றன. அவை பழைய பெயரிலேயே நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் அவை உடையும். நீங்கள் சார்ந்திருக்கும் அத்தனை நூலகங்களும் மாறியிருக்க வேண்டும். அவற்றில் ஒன்றை எழுதியவர் எட்டு வருடத்துக்கு முன்பே கைவிட்டுவிட்டுப் போயிருப்பார். அந்த இடத்தை அடைக்க வேறொன்றைத் தேட வேண்டும்.

எங்கோ ஒரு கூட்ட அறையில் இரண்டு தரப்பு வக்கீல்களுக்கு ஒத்துவரவில்லை. அதற்கான சனிக்கிழமை இரவுகளைச் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் இருப்பவர்கள் கொடுத்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய மேனேஜரிடமும் கேட்கவில்லை. அதைக்கூட மன்னிக்கலாம். அந்த இரவுகளை வேலையாகவே கணக்கில் எடுக்காததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

*

பெயர் மாற்றமாவது பரவாயில்லை. தவறவிட்டால் கம்பைலர் சிவப்பு எழுத்தில் கத்தும். கத்துகிற பிழை நல்ல பிழை. பயப்பட வேண்டியது சத்தம் போடாத பிழைக்குத்தான்.

ஒரு உதாரணம். முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழைய ஸ்பிரிங் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆறாம் பதிப்பில் அந்தப் பழக்கத்தை இயல்பு நிலையில் நிறுத்திவிட்டார்கள். நிரல் கம்பைல் ஆகும், சர்வர் எழுந்து நிற்கும், எல்லாம் பச்சை. ஆனால் நான்கு வருடத்துக்கு முன் வேறொரு டீம் எழுதிய மொபைல் செயலி கடைசியில் சாய்கோடு போட்டுத்தான் கூப்பிடும். அதற்கு 404 என்று பதில் போகும், அப்படியொரு பக்கமே இல்லை என்று.

இன்னொன்று. புதுப் பதிவுகளுக்கு வரிசை எண் கொடுக்கத் தரவுத்தளத்தில் ஒரு எண்ணி இருக்கும். ஹைபர்னேட்டின் ஐந்தாம் பதிப்பு, நீங்கள் தனியாகச் சொல்லாவிட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே பொது எண்ணியைத் தேடும். ஆறாம் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணியைத் தேடும். யாரோ அவசரத்தில் புது எண்ணியை ஒன்றிலிருந்து தொடங்கிவைத்தால், ஏற்கெனவே இருக்கும் பதிவுகளோடு அது மோதும். பரிசோதனைக்கு வைத்திருக்கும் காலியான தரவுத்தளத்தில் மோதுவதற்கு ஒன்றுமே இருக்காது. மோதல் நடப்பது உண்மையான தரவின் மேல்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கிறவர் என்ன செய்கிறார் தெரியுமா? வாசிக்கிறார். வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவர், எதற்கென்று சொல்லாமல் எழுதிவிட்டுப் போன வரிகளை, அவர் என்ன நினைத்து எழுதியிருப்பார் என்று யூகித்து யூகித்து வாசிக்கிறார். ‘இந்த இஃப் கண்டிஷன் ஏன் இங்க இருக்கு? எடுத்தா என்ன ஆகும்?’ என்று ஒரு முழு மதியத்தைச் செலவழிக்கிறார். புதிதாக எழுதத் துணிச்சல் போதும். இதற்குப் பொறுமையும் வேண்டும், எழுதியவர் முட்டாளில்லை என்ற நம்பிக்கையும் வேண்டும். என் துறையில் ஆகக் கடினமான வாசிப்பு இதுதான். இதற்கு வைத்திருக்கும் பெயரோ ‘வெர்ஷன் நம்பர் மாத்துறது’.

*

‘என்னப்பா, ஒரு நம்பரை மாத்துறதுக்கு மூணு மாசமா? ரெண்டு ஸ்பிரிண்ட்ல முடிச்சிடு.’

இதைக் கேட்காத ஜாவாக்காரர் இருந்தால் கையைத் தூக்கட்டும். இரண்டு ஸ்பிரிண்ட் என்றால் நாலு வாரம். அந்த நாலு வாரமும் யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். டீமில் ஆகத் திறமையானவர் புது டாஷ்போர்டுக்குப் போவார். அதை க்ளையண்ட் பார்ப்பார், கை தட்டுவார். அப்கிரேடுக்கு வருவது பெஞ்சில் இருக்கும் ஃப்ரெஷர்கள், கான்ட்ராக்டில் இருப்பவர்கள், பிரசவ விடுப்பு முடிந்து வந்தவர்கள். நோட்டீஸ் பீரியடில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்வார்கள். ‘போறதுக்குள்ள இதைப் பண்ணிக் குடுத்துட்டுப் போங்க’ என்று.

நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் இப்படி ஒரு அப்கிரேட் நடந்தது. இரண்டு ஃப்ரெஷர்கள், ஒரு கான்ட்ராக்ட் டெஸ்டர், அவர்களுக்கு மேல் நான். டெஸ்டர் ஒரு அக்கா, எங்கள் எல்லாரையும்விட மூத்தவர். எந்த டெஸ்ட் கேஸிலும் இல்லாத ஒரு கேள்வியை அவர்தான் கேட்டார். ‘மாசக் கடைசியில மட்டும் ஓடுற ஜாப் ஏதாச்சும் இருக்கா தம்பி? அதை யாரு பாத்தா?’ யாரும் பார்த்திருக்கவில்லை. பார்த்தோம், உடைந்திருந்தது. அவர் கேட்டிருக்காவிட்டால் முப்பதாம் தேதி இரவு தெரிந்திருக்கும். ரிலீஸ் முடிந்தது, பயனர் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதற்கடுத்த டவுன்ஹாலில் டாஷ்போர்டு டீமுக்குக் கேக் வெட்டினார்கள். அந்த அக்காவின் கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு புதுப்பிக்கப்படவில்லை. என் அப்ரைசலில் கேள்வி வந்தது: ‘இதுல பிசினஸுக்கு என்ன வேல்யூ?’

ஒரு குறிப்பிட்ட மேனேஜரின் கெட்ட குணம் இல்லை இது. ஒப்பந்தமே அப்படித்தான் எழுதப்படுகிறது. புது வசதி என்றால் க்ளையண்ட் தனியாகக் காசு தருவார். அப்கிரேட் என்றால் ‘அது மெயின்டனன்ஸுக்குள்ள வராதா?’ என்பார். வராது என்று சொல்ல நிறுவனத்துக்குத் தைரியம் கிடையாது. ஆகவே அது யாருடைய கணக்கிலும் ஏறாத நேரத்தில் நடக்கிறது. சனிக்கிழமை என்று அந்த நேரத்துக்குப் பெயர்.

*

தள்ளிப்போட்ட வேலையைப் பற்றிப் பேசும்போது எங்கள் துறையில் ‘டெக்னிக்கல் டெட்’ என்போம், தொழில்நுட்பக் கடன். 1992இல் வார்ட் கன்னிங்ஹாம் இந்த உவமையைக் கொண்டுவந்தார். சீக்கிரம் திருப்பிக் கட்டுவதாக இருந்தால் கொஞ்சம் கடன் வாங்கி வேகமாகப் போகலாம் என்பது அவர் கருத்து. நல்ல உவமைதான். அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களைப் பார்த்த பிறகு எனக்கு அது பிடிக்காமல் போய்விட்டது.

கடன் என்றால் வாங்கியவர் கட்ட வேண்டும். இங்கே யார் கட்டுகிறார்? வெர்ஷனைத் தொடாமல் புது வசதிகளை மட்டும் அடுக்கியவருக்கு அந்த வருடமே பதவி உயர்வு கிடைத்தது. மூன்றாவது வருடம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதவர் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். நம் ஊரில் இதற்குக் கடன் என்றா பேர்? ஊரார் பேரில் வாங்கித் தின்றுவிட்டு ஓடிப்போவதற்கு வேறு சொல் இருக்கிறது. ‘நல்லாத்தானே ஓடுது’ என்பவரிடம் நான் இப்போதெல்லாம் ஒன்றுதான் கேட்கிறேன். ‘சரி சார், நிக்கிறப்போ நீங்க இருப்பீங்களா?’

நிற்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு எக்விஃபாக்ஸ் கதை போதும். அமெரிக்கர்களின் கடன் வரலாற்றைச் சேமித்துவைக்கும் நிறுவனம் அது. வாடிக்கையாளர் முறையீடுகளுக்கென்று ஒரு இணையச் செயலி வைத்திருந்தார்கள். அதன் வேர் 1970களில் எழுதிய ஒரு மென்பொருள். முன்பக்கம் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க். 2017 மார்ச் 7ஆம் தேதி ஸ்ட்ரட்ஸில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது வெளியானது, அன்றைக்கே திருத்தமும் வந்தது. 48 மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் போடுங்கள் என்று நிறுவனத்துக்குள் மின்னஞ்சல் சுற்றியது. அந்தச் செயலியில் யாரும் போடவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் ஜூலை இறுதி வரை அள்ளினார்கள். போகிற வருகிற தரவைக் கண்காணிக்க வேண்டிய கருவியின் சான்றிதழ் 19 மாதமாகக் காலாவதியாகிக் கிடந்தது. அதைப் புதுப்பித்த அன்றே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. அதற்குள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போய்விட்டன.

2017 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து உட்கார்ந்த முன்னாள் தலைமை அதிகாரி என்ன சொன்னார்? திருத்தத்தைப் போடும்படி சேதியைக் கொண்டுசேர்க்க வேண்டிய ஒரு தனிநபர் அதைச் செய்யவில்லை என்றார். ஒரு ஆள்! இத்தனை கோடிப் பேரின் விவரம் ஒரு ஆளின் மறதியில் தொங்கும்படி கட்டிவைத்தது யார் என்ற கேள்விக்கு அவர் தானாகப் பதில் சொல்லவில்லை. ஒரு மின்னஞ்சலை அடுத்தவருக்கு அனுப்பவில்லை என்று ஓர் அதிகாரியையும் வேலையைவிட்டு நீக்கினார்கள். முழுக்கத் தடுத்திருக்கக்கூடிய சம்பவம் என்று 2018 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை சொன்னது. தள்ளிப்போட்ட வேலை எங்கே போய்ச் சேரும் என்று கேட்டால் இதைக் காட்டலாம். முடிவெடுத்தவர் மேலே இருப்பார், பழி கீழே வரும்.

*

இந்த இடத்தில் எதிர்முகாம்காரர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். ‘அதான் சொல்றேன் ப்ரோ, பழசைத் தூக்கிப் போட்டுட்டு எல்லாத்தையும் புதுசா எழுதிடலாம்.’ அவர்களுக்கும் என்னிடம் மரியாதை கிடையாது.

ஆங்குலர்ஜேஎஸ் கதை ஞாபகம் இருக்கிறதா? கூகுளில் உருவானது. 2012இல் முதல் பதிப்பு. உலகமே ஏறி உட்கார்ந்தது. 2014 அக்டோபரில் பாரிஸில் நடந்த மாநாட்டில், அடுத்த பதிப்பு முற்றிலும் வேறு என்று அறிவித்தார்கள். பழையதன் முக்கியமான உறுப்புகள் எதுவும் இனி இல்லை என்றார்கள். அதுவரை அந்த உறுப்புகளை வைத்துத் தொழில் நடத்தியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? 2016 செப்டம்பரில் வந்த இரண்டாம் பதிப்புக்குப் பெயர் மட்டும்தான் பழசு. பாலம் ஒன்று போட்டுக்கொடுத்தார்கள், உண்மைதான். இரண்டையும் ஒரே செயலிக்குள் ஓட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மாறலாம் என்று. பாலத்தின் மேலேயே வருடக்கணக்கில் குடியிருந்தவர்களை எனக்குத் தெரியும். 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு ஆதரவும் முடிந்தது.

புதுசா எழுதிடலாம் என்பவரும் ஓடுறதைத் தொடாதே என்பவரும் எதிரெதிர் ஆட்கள் மாதிரி தெரிவார்கள். இரண்டு பேருக்கும் பழைய நிரலை வாசிக்க விருப்பமில்லை. ஒருவர் அதைத் தொட மாட்டார், மற்றவர் அதை எரித்துவிடுவார். நடுவில் உட்கார்ந்து வரி வரியாக வாசித்து மாற்றுகிற வேலை இருக்கிறதே, அதற்குத்தான் ஆள் இல்லை.

*

அந்த வேலையை ஒழுங்காகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கிட்ஹப் தன் முக்கியச் செயலியை ரெயில்ஸ் 3.2இலிருந்து 5.2க்கு நகர்த்தியது. 2018 ஆகஸ்டில் முடிந்தது. ஒன்றரை வருடம் பிடித்தது. ஒரே நிரலைப் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒருசேர ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். இத்தனை கஷ்டப்பட்டு முடித்த பிறகு அவர்கள் எடுத்த முடிவுதான் முக்கியம். இனி பெரிய அப்கிரேட் என்ற ஒன்றே வேண்டாம், வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருப்போம் என்ற பழக்கத்துக்கு வந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் குடிமராமத்துதான் ஞாபகம் வந்தது. கோடையில் ஏரி வற்றும்போது ஊர் இறங்கி வண்டலை அள்ளும், மதகைப் பார்க்கும், கரையில் மண் போடும். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம். முப்பது வருடம் அள்ளாமல் விட்டுவிட்டு, கரை உடையும் ராத்திரியில் மணல் மூட்டையோடு ஓடுவது மராமத்து ஆகாது. நம் அலுவலகங்களில் நடப்பது அந்த ராத்திரி ஓட்டம். அதற்குப் பிறகு, மூட்டை தூக்கியவருக்கு ‘ஸ்டார் ஆஃப் த மந்த்’ என்று ஒரு காகிதம்.

ஆனால் குடிமராமத்தைச் சொல்லிப் புல்லரித்துவிட்டு நகர்ந்துவிடுவதும் அயோக்கியத்தனம். ஊர் இறங்கி அள்ளியது என்கிறோம். ஊரில் யார் இறங்கினார்? வரப்பில் நின்று மேற்பார்த்தவர் யார், சேற்றில் நின்றவர் யார்? நிலம் யாருக்கு, மண்வெட்டி யாருக்கு என்பதைச் சாதி முடிவு செய்த ஊர்கள் அவை. 1858இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்றை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கும் மக்களை வலுக்கட்டாயமாக வேலைக்கு இழுக்க அதிகாரம் கொடுத்த சட்டம். பராமரிப்பு எல்லாருக்கும் பொதுவான கடமை என்று சொல்லப்படும்போதெல்லாம், அது ஒரு சிலரின் முதுகில் மட்டும் விழுவதற்கு ஏற்பாடு நடந்திருக்கும். ஸ்பிரிண்ட் ப்ளானிங்கில் ‘நாம எல்லாரும் சேர்ந்து பாத்துக்கலாம்’ என்று சொல்லிவிட்டு, கடைசியில் கான்ட்ராக்ட் அக்கா மட்டும் பார்த்துக்கொள்வதும் அதே ஏற்பாடுதான். குடிமராமத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது வருடா வருடம் என்ற அந்தக் கணக்கை மட்டும். யார் இறங்குவது என்ற கணக்கைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

*

‘இனி இந்தக் கவலையே வேண்டாம், இதெல்லாம் ஏஐ செஞ்சிடும்’ என்று ஒரு புதுக் குரல் வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் அமேசானின் தலைமை அதிகாரி ஒரு கணக்கு சொன்னார். ஒரு செயலியை ஜாவா 17க்கு மாற்ற வழக்கமாக ஒரு டெவலப்பரின் 50 நாட்கள் பிடிக்கும், அவர்களுடைய ஏஐ கருவியால் அது சில மணி நேரமாகிவிட்டது, மொத்தத்தில் 4,500 டெவலப்பர் ஆண்டுகளின் உழைப்பு மிச்சம் என்றார்.

கருவி நல்ல கருவியாகவே இருக்கட்டும். அலுப்பான பெயர் மாற்றத்தை இயந்திரம் செய்தால் எனக்குச் சந்தோஷம்தான், அதற்கு முன்பே அப்படிச் செய்யும் கருவிகளை நானும் ஓட்டியிருக்கிறேன். என் கண் நின்ற இடம் அந்த எண். ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் 4,500 ஆண்டு உழைப்பு! அப்படியானால் இத்தனை பெரிய வேலை இது என்று தெரிந்தே இருந்திருக்கிறது. மனிதர்கள் செய்தபோது ‘நம்பர் மாத்துறதுக்கு எதுக்கு மூணு மாசம்’ என்று கேட்ட இந்தத் துறை, இயந்திரம் செய்தவுடன் ஆண்டுகளாகவும் டாலராகவும் எண்ணத் தொடங்குகிறது. மிச்சப்படும்போது மட்டும் மதிப்பு தெரிகிற உழைப்பு இது. வீட்டில் அம்மா சமைத்தவரை கணக்கில்லை, ஆள் வைத்தவுடன்தான் மாதச் செலவாகத் தெரிகிறது.

மாசக் கடைசியில் மட்டும் ஓடும் ஜாப் ஒன்று இருக்கிறதா என்று அந்த அக்கா கேட்ட கேள்வியைக் கேட்க, அந்த அலுவலகத்தின் மாசக் கடைசியை ஒருவர் வாழ்ந்து பார்த்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியை யார் கேட்பார் என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் கருவியை வாங்குங்கள்.

*

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இலக்கிய வாசகருக்கு இதில் என்ன?

சங்கப் பாடல் உங்கள் கைக்கு வந்தது எப்படி? உ.வே.சா. புறநானூற்றை 1894இல் அச்சில் கொண்டுவந்தார். அவர் கையில் கிடைத்த ஏடுகள் சங்க காலத்து ஏடுகளா என்ன? பனையோலைக்கு ஆயுசு குறைவு. பூச்சி தின்னும், ஒடியும், பொடியும். சில தலைமுறைக்கு ஒருமுறை யாரோ உட்கார்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் பெயர்த்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அது படைப்பில்லை, புது வசதி ஒன்றும் சேரவில்லை. பழைய பாட்டு பழையபடியே இருக்க வேண்டும், அதுதான் வேலையின் வெற்றி. புலவர்கள் பலரின் பெயர் நமக்குத் தெரியும். நடுவில் பெயர்த்து எழுதிய கைகளில் பெரும்பாலானவற்றின் பெயர் தெரியாது. ‘ஏடு நல்லாத்தானே இருக்கு, அதை ஏன் தொடணும்?’ என்று ஒரு தலைமுறை நினைத்த இடங்களில் எல்லாம் ஒரு நூல் செத்திருக்கிறது.

அதைவிடப் பக்கத்துக் கதை ஒன்று. 90களின் கடைசியில் தமிழ் இணையத்துக்கு வந்தபோது ஒவ்வொருவரும் ஒரு எழுத்துரு, ஒரு குறியீட்டு முறை. டிஸ்கி, டாப், டாம் என்று. பிறகு யூனிகோட் வந்தது. தங்கள் பழைய பக்கங்களை யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து மாற்றிய தளங்களை இன்றும் படிக்கிறோம். மாற்றாத பக்கங்களைத் திறந்தால் கேள்விக்குறியும் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துமாகக் கொட்டும். அதற்குள் ஒருவரின் முதல் கதை இருக்கலாம். நீங்கள் இப்போது வாசிக்கும் இந்த எழுத்துகள்கூட ஏதோ ஒரு மென்பொருளின் ஏதோ ஒரு பதிப்பின் மேல்தான் நிற்கின்றன. அதை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். யாரென்று நமக்குத் தெரியாது, நாம் கேட்டதும் இல்லை.

படைப்பவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பராமரிப்பவரை மறந்துவிடும் பழக்கம் ஐடி கம்பெனியில் தொடங்கவில்லை. நம்மிடமே நெடுங்காலமாக இருக்கிறது. அதனால்தான் இதை இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

*

புலம்பி முடித்தாயிற்று. என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் அப்கிரேடுக்கென்று ஒரு பங்கு நேரம், எழுதப்பட்ட நேரம் வேண்டும். பெரிய வேலை என்று வந்து நிற்கும் வரை காத்திருக்கக் கூடாது. க்ளையண்டோடு போடும் ஒப்பந்தத்தில் அது தனி வரியாக, தனிக் காசாக இருக்க வேண்டும். காசு தர மாட்டேன் என்றால், தள்ளிப்போட்டது இன்னார் முடிவு என்று அவர் பெயரிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அப்ரைசல் படிவத்தில் இந்த உழைப்புக்கு ஒரு இடம் வேண்டும். டீமில் மூத்தவர்கள் முறைவைத்து இதில் உட்கார வேண்டும். சேற்றில் எப்போதும் ஃப்ரெஷரும் கான்ட்ராக்ட்காரருமே நிற்பது இத்தோடு போதும்.

இதெல்லாம் நடக்க நாளாகும். இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஒரு குறிப்பு எழுதுவோம் இல்லையா? என்னென்ன மாறியது, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்குப் போனோம் என்று. அதற்கடியில் அதைச் செய்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். கான்ட்ராக்டில் வந்தவர் பெயரையும் சேர்த்து, முழுப் பெயராக.